கிறிஸ்தவனுக்கு முன்னால் ஒரு அடைமொழி

9 ஜூன் 2024, ஒரு வாசகரின் கேள்வி

“வயது 24. சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். எனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. வீட்டில் தெரியாது. நண்பன் ஒருவனிடம் மட்டும் சொன்னேன். அவன் திட்டவில்லை. ‘ஈர்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும், நான் உனக்காக ஜெபிக்கிறேன். ஆனால் கே கிறிஸ்தவன் என்று மட்டும் உன்னைச் சொல்லிக்கொள்ளாதே. கிறிஸ்துவுக்குள் அடைமொழி கிடையாது, யூதன் கிரேக்கன் என்றில்லை, எல்லாரும் ஒன்றுதான் என்கிறது கலாத்தியர் 3:28’ என்றான். இது சரிதானா? எனக்குப் பதில் தெரியவில்லை.”

9 ஜூன் 2024, இரவு

தம்பி, சரியில்லை. கிறிஸ்துவுக்குள் அடைமொழி கிடையாதாம்! உன் நண்பன் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ‘மணமகள் தேவை’ பகுதியைப் பார்த்ததே இல்லையா? சிஎஸ்ஐ நாடார், ஆர்சி வெள்ளாளர், பெந்தெகொஸ்தே என்று போட்டாலும் பக்கத்திலேயே சாதி. அங்கே யாரும் கலாத்தியரைத் திறப்பதில்லை. பெண் பார்க்கப் போகும்போது வராத வசனம் உன்னைப் பார்த்தால் மட்டும் வருகிறது.

அந்தக் கலாத்தியரை எழுதிய பவுலே ரோமர் 11:1ல் ‘பென்யமீன் கோத்திரத்தில் பிறந்த இஸ்ரவேலன்’ என்று கோத்திரம் வரைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

எனக்கு 47 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், சிஎஸ்ஐ குடும்பம். நானும் உன்னைப் போலத்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சென்னையில் வேலை. இன்னும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

10 ஜூன் 2024

நேற்று எழுதியதில் சூடு கொஞ்சம் அதிகம். நண்பன் சொன்னதை ஒழுங்காக எடுத்துவைக்காமல் அடித்துவிட்டேன். இப்போது எடுத்துவைக்கிறேன்.

அவன் சொல்வது அவனே யோசித்த வாதமாக இருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்காவில் கிளம்பி யூடியூப் பிரசங்கங்கள் வழியாக நம் ஊர் வாலிபர் கூடுகை வரைக்கும் வந்துவிட்ட ஒன்று. 2017 ஆகஸ்டில் அங்கே சுவிசேஷக சபைத் தலைவர்கள் சிலர் ‘நாஷ்வில் அறிக்கை’ என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் ஏழாவது பிரிவு செயலைப் பற்றியது அல்ல. ஒருவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று எண்ணிக்கொள்வதே தேவ நோக்கத்துக்குப் பொருந்தாது என்கிறது. அடுத்த வருடம் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ‘ரிவாய்ஸ்’ என்ற மாநாடு. அதை நடத்தியவர்கள் ஓரினத் திருமணத்தை ஆதரித்தவர்கள் இல்லை. வேதம் தடுக்கிறது, அதனால் உடலுறவு இல்லாமல் வாழ்கிறோம் என்ற பக்கத்தில் நின்றவர்கள். ஆனால் ‘நான் கே, நான் கிறிஸ்தவன்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். அதற்கே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

இதுதான் எனக்கு வேடிக்கை. வெஸ்லி ஹில் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் தன்னை கே என்று சொல்லிக்கொண்டே துறவு போல வாழ்கிறார். சாம் ஆல்பரி என்ற ஆங்கிலிக்கன் போதகரும் அதே கட்டுப்பாட்டோடு வாழ்கிறார், ஆனால் அந்தச் சொல் வேண்டாம், ‘எனக்கு இந்த ஈர்ப்பு உண்டு’ என்று சொன்னால் போதும் என்கிறார். எதைச் செய்யக்கூடாது என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை. பேர் வைப்பதில்தான் பேதம். சண்டை மொத்தமும் அந்தப் பெயரடைக்குத்தான்.

அவர்களுடைய பலமான வசனம் கலாத்தியர் இல்லை. ஆணோடு படுக்கும் ஆணையும் சேர்த்துப் பாவிகளைப் பட்டியல் போட்டுவிட்டுப் பவுல் சொல்லும் 1 கொரிந்தியர் 6:11, ‘உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள்’. இருந்தீர்கள். இறந்தகாலம். உன் நண்பனுக்கு இது தெரிந்திருந்தால் நான் நேற்று அவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்க மாட்டேன்.

10 ஜூன் 2024, பிற்பாடு

பின்னூட்டத்தில் ஒருவர் பிலிப்பியர் 3ஐ நீட்டியிருக்கிறார். பவுல் தன் பென்யமீன் கோத்திரம் உட்பட எல்லாவற்றையும் ‘குப்பையுமாக எண்ணுகிறேன்’ என்று எழுதினாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று. நல்ல கேள்வி. மறைத்தது நான்தான்.

ஆனால் அப்போஸ்தலர் 22ல் வாரினால் கட்டி அடிக்கப் போகும்போது, ரோமனாகிய மனுஷனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று கேட்டவரும் அவர்தான். குப்பைதான், ஆனால் சாட்டை வந்தால் எடுத்துக் காட்டவேண்டியிருக்கிறது. (அந்தச் சம்பவம் முந்தையது, நிருபம் பிந்தையது என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். எனக்கும் தெரியும்.)

13 ஜூன் 2024

1 கொரிந்தியர் 6:9 முழுசாக ஒட்டப்பட்டிருக்கிறது, வழக்கு முடிந்தது என்ற தோரணையில். சரி, அதைப் பார்ப்போம். நம் பழைய மொழிபெயர்ப்பில் பட்டியல் இப்படிப் போகிறது: வேசிமார்க்கத்தார், விக்கிரகாராதனைக்காரர், விபசாரக்காரர், சுயபுணர்ச்சிக்காரர், ஆண்புணர்ச்சிக்காரர்.

இதை வாலிபர் கூடுகையில் வாசித்த நாள் நினைவிருக்கிறது. எனக்கு 16 வயது. கடைசிச் சொல் வரப்போகிறது என்று தெரிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது தாண்டிப் போனதும் மெதுவாக நிமிர்ந்தால், பெஞ்சில் இருந்த அத்தனை பையன்களும் தலையைக் குனிந்திருக்கிறார்கள். எனக்கு முந்தின சொல் எல்லாரையும் பிடித்துவிட்டது. என் வாழ்நாளில் சபையில் நான் தனியாள் இல்லை என்று உணர்ந்த சில நிமிடங்களில் அதுவும் ஒன்று.

அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ‘மலகோய்’. நேர்ப்பொருள் மெல்லியவர்கள். மத்தேயு 11:8ல் ‘மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ’ என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான், துணிக்கு. ஐரோப்பியச் சபைகள் பல நூற்றாண்டு இதைச் சுயபுணர்ச்சி என்றே படித்தன. நம் மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்தது. இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் ஆணோடு பெண்போல் படுக்கும் ஆண் என்கிறார்கள், சிலர் ஒழுக்கத்தில் தளர்ந்தவன் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். 1946ல் வந்த ஒரு பெயர்போன ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற ஒரே சொல்லாகப் போட்டது. 1971ல் அதே குழு அதை எடுத்துவிட்டு வேறு சொல் வைத்தது. ஆக, ஒரே கிரேக்கச் சொல்லுக்காகத் தமிழ்நாட்டில் ஒரு கூட்டம் நரகத்துக்குப் போகும், அமெரிக்காவில் வேறு கூட்டம்.

அப்புறம் சோதோம், நம் விஷயத்துக்காகவே தேவன் அழித்தார் என்று மேடைகளில் சொல்லும் ஊர். சோதோமின் அக்கிரமம் என்னவென்று எசேக்கியேல் 16:49 வரிசையாகச் சொல்கிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, நிர்விசாரமான சாங்கோபாங்கம், ஏழையின் கையைப் பலப்படுத்தாதது. நம் விஷயமே அதில் இல்லை.

14 ஜூன் 2024

திருத்தம். எசேக்கியேல் 16:49ஐச் சொன்னவன் 16:50ஐயும் சொல்லியிருக்க வேண்டும் என்று நாகர்கோவில்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அதில் ‘அருவருப்பானதைச் செய்தார்கள்’ என்று இருக்கிறது. ஆணோடு ஆண் படுப்பதைத் தடுக்கும் லேவியராகமம் 18:22ல் வரும் அருவருப்புக்கும் இதற்கும் எபிரெயத்தில் ஒரே சொல். போதாததற்கு, சோதோமார் ‘அந்நிய மாம்சத்தைத் தொடர்ந்து’ போனார்கள் என்கிற யூதா நிருபம் 7ம் வசனமும் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். பாதி வசனத்தை நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால். நேற்று மலகோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அதற்கு அடுத்த சொல்லைத் தொடவில்லை. ‘அர்செனோகொய்தாய்’. பவுலுக்கு முன்னால் இந்தச் சொல்லை யாரும் எழுதிய தடயம் இல்லை. ஆனால் அர்சென் என்றால் ஆண், கொய்தே என்றால் படுக்கை. லேவியராகமம் 20:13ன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பவுல் அதைப் பார்த்துத்தான் சொல்லைக் கட்டியிருக்கிறார் என்ற வாதம் பலமானது. அன்றைய உலகில் அது அடிமைச் சிறுவர்களையும் விலைக்கு வாங்கியவர்களையும் குறித்தது, இரண்டு பேர் மனமொத்து வாழ்வதை அல்ல என்ற மறுமொழியும் எனக்குத் தெரியும். 1 தீமோத்தேயு 1:10ல் அதற்கு அடுத்த சொல் ‘மனுஷரைத் திருடுகிறவர்கள்’ என்பது அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் வலு. எனக்கு எது சரியென்று படுகிறது என்று கேட்டால், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இருபத்தைந்து வருடமாக இப்படித்தான்.

16 ஜூன் 2024

கத்தோலிக்க நண்பர் ஒருவர், எங்களிடம் இந்தக் குழப்பம் இல்லை, மறைக்கல்வியிலேயே தெளிவாக இருக்கிறது என்கிறார். 1992ல் வந்த மறைக்கல்வி நூல், பத்திகள் 2357 முதல் 2359 வரை. தெளிவுதான். செயல்கள் இயல்பிலேயே ஒழுங்கற்றவை, ஆட்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அவர்கள் கற்புநெறியில் வாழ அழைக்கப்பட்டவர்கள். பிறகு ஏன் 2023 டிசம்பர் 18ல் வத்திக்கான் ஓரின ஜோடிகளுக்கு ஆசீர் அளிக்கலாம் என்று அறிக்கை விட்டது? விட்டு மூன்று வாரத்துக்குள் அது 10, 15 விநாடிதான், திருமண ஆசீர் போலத் தெரியக்கூடாது என்று விளக்கம் கொடுத்தது? ஆப்பிரிக்க ஆயர்கள் எங்களால் முடியாது என்று அறிவித்தார்களே?

15 விநாடி. எங்கள் ஊர் அசன விருந்தில் சோற்றுப் பானைக்கு ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பண்ணும் ஜெபம் இதைவிட நீளம்.

கிண்டல் போதும். உண்மையில் அந்தச் செய்தி வந்த அன்று நான் அதைப் போனில் நாலு முறை வாசித்தேன். எனக்கு ஜோடி கிடையாது, நான் கத்தோலிக்கனும் இல்லை.

20 ஜூன் 2024

‘இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி’. வந்துவிட்டது. யாராவது எப்போது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஓரின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ம் பிரிவு இறக்குமதி இல்லையா? 1860ல் வெள்ளைக்காரன் எழுதியது. அதற்கு மூலம் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1533ல் போட்ட சட்டம், அதற்கு மூலம் கிறிஸ்தவ வேதம். 2009ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியபோது உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியவர்களில் அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பும் உத்கல் கிறிஸ்தவ கவுன்சிலும் உண்டு. 2013ல் பிரிவு திரும்ப உயிர் பெற்றது. 2018 செப்டம்பர் 6ல் செத்தது.

21 ஜூன் 2024

நேற்றையதில் ஒரு அவசரம். ‘மூலம் கிறிஸ்தவ வேதம்’ என்று ஒரே தாவாகத் தாவிவிட்டேன். அதுவரை சபை நீதிமன்றத்தின் கையில் இருந்த விஷயத்தை ராஜாவின் நீதிமன்றத்துக்கு மாற்றியதுதான் 1533. ஹென்றிக்கு வேதத்தைவிட, சபையின் அதிகாரத்தைப் பறிப்பதில் அக்கறை அதிகம். அதோடு எல்லாக் கிறிஸ்தவர்களும் 377க்குக் காவல் நிற்கவும் இல்லை. 2013 தீர்ப்பு வந்தபோது மும்பைக் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஓரினத் திருமணத்துக்கு அவர் எதிர்தான். குற்றம் வேறு, பாவம் வேறு என்று பிரிக்கத் தெரிந்தவர். எங்கள் பக்கத்து மேடைகளில் அந்தப் பிரிவு அபூர்வம்.

23 ஜூன் 2024

இன்று ஆலயத்தில் ஒரு கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கு இன்னாரோடு கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியம்மா முறைக்காரர், “உனக்கும் ஒருநாள் வாசிப்பாவன்னு பாத்தேன், இப்படிப் பட்டமரமா நின்னுட்டியே” என்றார். பாசத்தில் சொன்னதுதான். பை நிறைய முறுக்கு கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

அவருக்குத் தெரியாமலே வேதத்தைச் சொல்லிவிட்டார். ஏசாயா 56:3, ‘அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக’. அண்ணகன் என்றால் விதையடிக்கப்பட்டவன். உபாகமம் 23:1ல் விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று இருக்கிறது. ஏசாயாவில் அதே ஆளுக்குக் குமாரர் குமாரத்திகளைவிட உத்தம இடமும் கீர்த்தியும் தருவேன் என்று இருக்கிறது. வேதமே வேதத்தோடு வாதாடுகிறது. அப்போஸ்தலர் 8ல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிற எத்தியோப்பியன், ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன’ என்று கேட்கிறான். கிரேக்கத்தில் அவன் அண்ணகன். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ‘மந்திரி’. ஓய்வுநாள் பள்ளியில் எட்டு வருடம் அந்தக் கதையை மந்திரி கதை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தடையென்ன என்று அவன் ஏன் கேட்டான் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. மந்திரிக்கு என்ன தடை?

அண்ணகனும் நாமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டுப் பேசினால் மறுபடி வசனத்தை நறுக்கினதாகும்.

7 ஜூலை 2024

தம்பி தனியே ஒன்று கேட்டிருந்தான்: “அண்ணே, ஜெபித்தால் மாறுமா?” பதிலை இங்கேயே எழுதுகிறேன். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

1997. கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் சபை ஐயரிடம் சொல்லப் பயம், அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். விடுதி நண்பன் ஒருவன் ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனான். பாஸ்டர் நல்ல மனிதர், இன்றுவரைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். தனியே உட்காரவைத்துக் கேட்டார். அருவருப்புப் படவில்லை. இது உன் குற்றம் இல்லை, ஒரு கட்டு, அறுத்துவிடலாம் என்றார். எனக்கு அழுகை வந்தது. அதுவரை யாரும் என் குற்றம் இல்லை என்று சொன்னதில்லை.

மூன்று நாள் உபவாச ஜெபம். மூன்றாம் நாள் ராத்திரி தலையில் எண்ணெய் ஊற்றி, ஏழெட்டுப் பேர் கைவைத்து, ஸ்திரீயின் ஆவியே வெளியே போ என்று சத்தம் போட்டார்கள். நான் விழுந்தேன். பசி. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தவனை எட்டுப் பேர் தள்ளினால் விழத்தான் செய்வான். அவர்கள் அல்லேலூயா என்றார்கள். எழுந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள்.

சாட்சி சொன்னேன். கர்த்தர் என்னை விடுதலையாக்கினார் என்று சொன்னேன். அந்த நிமிடம் அது பொய் இல்லை, இருக்கும் என்று நம்பினேன். அடுத்த வாரம் பேருந்தில் கண்டக்டரைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் வேறு மூன்று ஊர்க் கூட்டங்களுக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். மூன்றிலும் சொன்னேன். மூன்றாவதில் நன்றாகவே பேச வந்துவிட்டது. எங்கே நிறுத்தினால் ஆமென் வரும் என்று பழகிவிட்டது.

அந்த மூன்றாவது கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பையன் வந்தான். 17 வயது இருக்கும். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. செருப்பைப் பார்த்துக்கொண்டே, “அண்ணே, எத்தன நாள்ல மாறிச்சு?” என்று கேட்டான்.

மூன்று நாள் என்றேன்.

அமெரிக்காவில் ‘எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு 1976ல் தொடங்கி இந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்தது. நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி 1979லேயே வெளியேறி, அதே இயக்கத்தில் இருந்த இன்னொரு ஆணோடு வாழப் போனார். கடைசித் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று ஒத்துக்கொண்டார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். அவர் கேட்ட மன்னிப்பை ஆபீஸில் கம்ப்யூட்டரில் வாசித்துவிட்டு அன்று மத்தியானம் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன்.

நம்மூரில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தால் ‘குணப்படுத்த’ முயல்வதைத் தடை செய்தார். 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மருத்துவர் செய்தால் உரிமம் போகும். எண்ணெய் பாட்டிலுக்கு உரிமம் கிடையாது.

தம்பி, உன் கேள்விக்குப் பதில்: எனக்கு மாறவில்லை. ஜெபத்தை விட்டுவிடவும் இல்லை. அதைக் கேட்டு ஜெபிப்பதை மட்டும் விட்டேன்.

8 ஜூலை 2024

இல்லை, அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

28 ஜூலை 2024

சபைப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அநியாயம். அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். சென்னையில் வானவில் பேரணிக்கு ஒருமுறை போயிருந்தேன், பயந்து பயந்து, தொப்பி போட்டுக்கொண்டு. முடிந்ததும் நாலைந்து பேரோடு பேச்சு. நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரிந்ததும் ஒரு பெண், “இன்னுமா?” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அவள் அப்பா போதகர், வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறார். அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எனக்குத் தோன்றியது இது: கிறிஸ்தவர்களிடம் கே என்று சொல்ல 20 வருடம் ஆயிற்று, இவர்களிடம் கிறிஸ்தவன் என்று சொல்ல அதே நெஞ்சுப் படபடப்பு. அடைமொழி எது, பெயர் எது என்றே தெரியவில்லை. அங்கே கிறிஸ்தவன் என்பதுதான் அடைமொழி, சந்தேகத்துக்குரியதும் அதுதான்.

கிறிஸ்தவன் என்ற பேரையே அந்தியோகியாவில் வெளியாட்கள்தானே கொடுத்தார்கள். கேலியாகக்கூட இருக்கலாம்.

11 ஆகஸ்ட் 2024

நேற்று ஆகஸ்ட் 10. பட்டியல் சாதிகளுக்கான 1950 குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள். 1956ல் சீக்கியரும் 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. சபைகள் கருப்பு நாள் அனுசரிக்கின்றன. இன்று ஆராதனையில் அதற்காக ஜெபித்தார்கள். நான் உடனே இங்கே வந்து எழுத வரிகளைத் தயார் பண்ணிவிட்டேன்: பாருங்கள், சபையே ‘தலித் கிறிஸ்தவர்’ என்று அடைமொழி போட்டு ஜெபிக்கிறது, கலாத்தியர் எங்கே போனார், பட்ட வலிக்குப் பேர் வேண்டும் என்று சபைக்கே தெரிகிறது, வடக்கன்குளம் கோவிலில் இரண்டு சாதிக்கு இரண்டு கூடம் கால்சட்டை மாதிரிக் கட்டி, நடுச்சுவரை 1910ல் இடித்த கதையைக் கேட்டால்…

நல்லவேளை, எழுதுவதற்கு முன் நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். தலித் கிறிஸ்தவர், எனக்கு மூத்தவர். கேட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க அப்பாவத் தனிக் கல்லறையில பொதச்சாங்க. ஒன்ன எங்க பொதப்பாங்க?”

எங்கள் குடும்பக் கல்லறையில்தான் புதைப்பார்கள். தாத்தா பக்கத்தில், ஆலயத்துக்குக் கிழக்கே, வேப்பமரத்தடியில். ஓலை வாசிக்க மாட்டார்கள், மூப்பர் ஆக்க மாட்டார்கள், ஆனால் இடம் உண்டு. என் சாதி எனக்கு அந்தச் சபையில் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை, அதனால்தான் அதைச் சொல்லிக்கொள்ளும் தேவையும் எனக்கு வந்ததில்லை. ஜூன் 9ல் ‘மணமகள் தேவை’ ஜோக் அடித்தவன் அந்தப் பகுதியில் என் சாதிக்கு எத்தனை வரன் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. “ஒன் பேர நீ சொல்லிக்கோ. எங்க பேர வச்சு அதுக்கு முட்டுக் குடுக்காத” என்றார். அப்புறம் காபி வாங்கிக்கொடுத்தார். நான்தான் கொடுத்திருக்க வேண்டும்.

18 ஆகஸ்ட் 2024

இந்த விஷயத்தில் சபைகள் நடத்திய வாக்கெடுப்புகளைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். சுருக்கமாக: 1998ல் லாம்பெத் மாநாட்டில் உலக ஆங்கிலிக்கன் ஆயர்கள், தன்பால் உறவு வேதத்துக்குப் பொருந்தாது என்று 526க்கு 70 என்று வாக்களித்தார்கள். அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்டுகள் 1972ல் போட்ட அதே மாதிரியான வரியை இந்த வருடம் மே மாதம் நீக்கினார்கள், அதற்குள் அங்கே கிட்டத்தட்ட நாலில் ஒரு சபை பிரிந்து போயிருந்தது. 2003ல், தன்னை கே என்று வெளிப்படையாகச் சொன்ன ஜீன் ராபின்சன் அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் ஆயரானபோது அங்கி அடியில் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு பலிபீடத்துக்குப் போனார். இந்த மூன்றில் எனக்கு நினைவில் தங்குவது அந்தக் கவசம் மட்டும்தான்.

3 நவம்பர் 2024

தம்பி எழுதியிருக்கிறான். அடைமொழியை எங்கேயும் போடவில்லையாம். நண்பனோடு சண்டையும் இல்லை. “அவன் அந்த வார்த்தையச் சொல்லாதேங்கிறான், ஆனா நான் வாசிக்கிறப்ப பெடல் வயரப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் அவன்தான்” என்று எழுதியிருக்கிறான். இதற்கு என்னிடம் வசனம் இல்லை.

இன்னொன்று. ஜூலை 8ல் கேட்காதீர்கள் என்று எழுதினேன். அந்தப் பையன் எங்கே என்று எனக்குத் தெரியும். 44 வயது, கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள், ஊரிலேயே கடை வைத்திருக்கிறான். பத்து வருடமாகத் தினமும் காலையில் எனக்கு வாக்குத்தத்த வசனப் படம் அனுப்புகிறான், பூ போட்டது. நான் கும்பிடும் கையை அனுப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன திங்கட்கிழமை எழுதினேன். அன்றைக்கு மூன்று நாள் என்று சொன்னது பொய், எனக்கு மாறவே இல்லை, மன்னித்துக்கொள் என்று. இரண்டு நீலக் கோடு விழுந்தது. செவ்வாய்க்கிழமை வசனப் படம் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழன், வெள்ளி வரவில்லை.

நேற்றுக் காலை வந்தது. அதே பூ. கீழே, “அண்ணே கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வாறீயளா? வந்தா கடைக்கு வாங்க. வீட்டுக்கு வேண்டாம்.”

நெல்லை எக்ஸ்பிரஸில் டிசம்பர் 22க்குப் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் 84.